விண்ணப்பத் தாளும் வாக்குச் சீட்டும்: சுவிஸ் நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம்

2012-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் தேசிய அவையில், சூரிச்சைச் சேர்ந்த சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மார்ட்டின் நேஃப் ஒரு கோரிக்கையை வைத்தார். பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை இந்த நாட்டில் எந்த அளவுக்கு இருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று அரசு ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பதே அது. இவ்வகைக் கோரிக்கைக்கு இங்கே 'போஸ்டுலாட்' என்று பெயர். அது சட்டமல்ல, மசோதாவும் அல்ல. 'இந்த விஷயத்தைப் பார்த்து அறிக்கை கொடுங்கள்' என்று அரசைக் கேட்பது, அவ்வளவுதான். ஆனால் சுவிஸ் அரசியலில் பல சட்டங்களின் கதை இப்படி ஒரு சாதுவான கேள்வியில்தான் தொடங்குகிறது. சில கதைகள் அங்கேயே முடிந்தும் போகின்றன.

நேஃபின் கேள்விக்கு விடை வர நான்கு ஆண்டுகள் ஆயின. சுவிஸ் மனித உரிமைகள் நிபுணத்துவ மையம் விரிவான ஆய்வு ஒன்றைச் செய்தது. அதன் அடிப்படையில் கூட்டாட்சி அரசு 2016 மே மாதம் அறிக்கை தந்தது. தனியார் சட்டத்தில், அதாவது முதலாளி-தொழிலாளி, வீட்டுக்காரர்-வாடகைக்காரர் போன்ற உறவுகளில், பாதுகாப்பு போதாது என்பது ஆய்வாளர்களின் முடிவு. வழக்குத் தொடுப்பவருக்குச் செலவும் ஆபத்தும் அதிகம் என்பதால் நீதிமன்றம் வரை வருபவர்கள் மிகக் குறைவு என்றும் அவர்கள் கண்டார்கள். அரசோ, இருக்கும் சட்டங்கள் பொதுவாகப் போதுமானவை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுச் சட்டம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. இதற்கு முன்பே, 2007-ல், அதே கட்சியின் பால் ரெக்ஸ்டைனர் சம நடத்தைச் சட்டம் ஒன்று வேண்டும் என்று முயன்றார். அதுவும் நிறைவேறவில்லை.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த விவாதம் அன்னியமானதல்ல. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக இங்கே ஏறத்தாழ ஐம்பதாயிரம் தமிழர்கள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அவர்கள் உழைப்பு நன்கு தெரிந்தது. அந்த நிறுவனங்களை நடத்தும் குழுக்களில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியும், அவர்கள் பிள்ளைகளின் வேலை விண்ணப்பம் எங்கே தேங்கி நிற்கிறது என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இக்கட்டுரை அந்தப் பிணைப்பைப் பற்றியது.

முதல் தடை: அனுமதிச் சீட்டு

இந்நாட்டில் வெளிநாட்டவரின் நிலையை ஓர் ஆங்கில எழுத்து சொல்லிவிடும். புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் 'என்', தற்காலிகமாக ஏற்கப்பட்டவர் 'எஃப்', ஆண்டு வதிவிட அனுமதி உள்ளவர் 'பி', நிரந்தரமாகத் தங்க அனுமதி உள்ளவர் 'சி'. நம்மவர்கள் 'எஃப் விசா', 'பி விசா' என்று சொல்வது இதைத்தான். தொண்ணூறுகளில் தமிழர்கள் பலரின் வாழ்க்கை இந்த எழுத்துக்களுக்கு இடையே நடந்தது. 2000-ஆம் ஆண்டில், 1992 முடிவுக்குள் வந்து நெடுங்காலம் காத்திருந்தவர்களை மனிதாபிமான அடிப்படையில் தங்கவிட அரசு முடிவு செய்தபோது, அதனால் பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் இலங்கையர்.

'தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்' என்ற சொல்லே ஒரு தடை. விண்ணப்பத்தைப் படிக்கும் முதலாளி, 'இந்த ஆள் அடுத்த மாதம் இருப்பாரா?' என்று யோசிக்கிறார். உண்மையில் எஃப் விசாக்காரர்கள் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகள் இங்கேயே இருந்து வேலை செய்தவர்கள். அவர்களை வேலைக்கு எடுக்க முதலாளி கன்டோன் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சம்பளத்தில் 10 சதவீதம் சிறப்பு வரியாகவும் பிடிக்கப்பட்டது. ஓர் உணவக முதலாளிக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்து, ஒன்றுக்குப் படிவமும் காத்திருப்பும் வேண்டும், மற்றதற்கு வேண்டாம் என்றால் அவர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இதில் இனவெறி எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஒரு படிவம் போதும்.

2016 டிசம்பரில் நாடாளுமன்றம் வெளிநாட்டவர் சட்டத்தைத் திருத்தியபோது இந்த இரண்டு தடைகளும் விலகின. சிறப்பு வரி 2018 ஜனவரி 1 முதல் இல்லை. முன் அனுமதிக்குப் பதிலாக, வேலைக்கு எடுத்ததைத் தெரிவித்தால் போதும் என்ற முறை 2019 ஜனவரி 1 முதல் வந்தது. ஆனால் 'தற்காலிகம்' என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது தடை: பெயர்

விசாத் தடை நீங்கியவருக்கும், சுவிஸ் குடியுரிமை பெற்றவருக்கும்கூட, இன்னொரு தடை உண்டு. இங்கே வேலை விண்ணப்பத்தில் பெயர், முகவரியோடு புகைப்படம், பிறந்த தேதி, தேசியம், விசா வகை எல்லாம் எழுதுவது வழக்கம். கூடவே முந்தைய முதலாளி தந்த பணிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழில் கெட்டதாக எதுவும் எழுத மாட்டார்கள். 'முயற்சி எடுத்தார்' என்று எழுதியிருந்தால் 'முயன்றும் முடியவில்லை' என்று பொருள். ஜெர்மன் தாய்மொழிக்காரருக்கு உடனே புரியும் இந்தச் சங்கேதம், பத்தாண்டு நேர்மையாக உழைத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கும் நம்மவருக்குப் பல சமயம் தெரிவதே இல்லை.

பெயரால் என்ன நடக்கிறது என்பதை 2003-ல் ரோசிட்டா ஃபிப்பி, புலென்ட் காயா, எட்டியென் பிகே ஆகியோர் சோதித்துக் காட்டினார்கள். இங்கேயே படித்த, ஒரே தகுதியுள்ள இளைஞர்களின் விண்ணப்பங்களை உண்மையான வேலைகளுக்கு அனுப்பினார்கள். வேறுபாடு பெயரிலும் பின்புலத்திலும் மட்டுமே. அல்பேனியப் பெயருள்ளவர் ஜெர்மன் பேசும் பகுதியில் மிகக் கடுமையாக ஒதுக்கப்பட்டார். பிரெஞ்சுப் பகுதியில் அது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2019-ல் வந்த இன்னோர் ஆய்வில், குடியேறியவர்களின் பிள்ளைகள், சுவிஸ் குடியுரிமை இருந்தும்கூட, ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட மற்றவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிக விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது.

மென்பொருள் துறையில் இருப்பதால் என்னை மிகவும் யோசிக்க வைத்தது மூன்றாவது ஆய்வு. டொமினிக் ஹாங்கார்ட்னர், டானியல் கோப், மிஹாயெல் சீகன்தாலர் மூவரும் செய்து, 2021 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. இவர்கள் போலி விண்ணப்பம் எதுவும் அனுப்பவில்லை. அரசு வேலைவாய்ப்புத் தளமான ஜாப்-ரூமில், ஆள் தேடுபவர்கள் எந்தப் பட்டியலைப் பார்த்தார்கள், யாருடைய பக்கத்தைத் திறந்தார்கள், எத்தனை நொடி பார்த்தார்கள், தொடர்பு கொள்ளும் பொத்தானை அழுத்தினார்களா என்ற பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் பத்து மாதங்களில் 43,352 ஆள் தேடுபவர்கள் செய்த 452,729 தேடல்கள். தகுதி ஒன்றாகவே இருந்தாலும், குடியேறிய மற்றும் சிறுபான்மைப் பின்புலத்தவரைத் தொடர்புகொள்ளும் வாய்ப்பு, அவரவர் பூர்வீக நாட்டைப் பொறுத்து, 4 முதல் 19 சதவீதம் வரை குறைவாக இருந்தது. ஆண்கள் மிகுந்த தொழில்களில் பெண்களுக்கும், பெண்கள் மிகுந்த தொழில்களில் ஆண்களுக்கும் இதே போன்ற இழப்பு இருந்தது.

அதில் இன்னொரு செய்தியும் உண்டு. மதிய உணவுக்குச் சற்று முன்பும், மாலை வேலை முடியும் நேரத்திலும் இந்தப் பாகுபாடு கூடுகிறது. அதே ஆள் காலை ஒன்பது மணிக்கு நியாயமாக நடக்கிறார், பதினொன்றரைக்குப் பசி வந்ததும் பெயரைப் பார்த்துத் தள்ளிவிடுகிறார். இதைக் கொள்கை என்று சொல்ல முடியாது. களைத்த மனம் எடுக்கும் குறுக்குவழி. தள்ளியவரைக் கேட்டால், தான் பாகுபாடு எதுவும் காட்டவில்லை என்று மனமாரச் சொல்வார். ஒரு தனி விண்ணப்பதாரரால் இதை ஒருபோதும் நிரூபிக்க முடியாது. லட்சக்கணக்கான பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. நேஃபின் கேள்வி ஏன் முக்கியம் என்பது இங்கே விளங்கும்: நிரூபிக்கும் சுமையைத் தனி மனிதர் தலையில் வைக்கும் சட்டம், இந்த வகைப் பாகுபாட்டைத் தொடவே முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது

2000-ல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி அரசியல் சாசனத்தின் 8-ஆம் பிரிவு, பூர்வீகம், இனம், பால், மொழி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது, தனியார் முதலாளியை நேரடியாக அல்ல. 1995 முதல் உள்ள இனவெறிக்கு எதிரான குற்றவியல் பிரிவு பொதுவெளியில் இழிவுபடுத்துவதற்கும், பொதுமக்களுக்கான சேவையை மறுப்பதற்கும் எதிரானது. வேலை மறுப்பை அதில் கொண்டுவருவது கடினம். மீதியிருப்பது, ஆளுமை உரிமையைக் காக்கும் பொதுவான தனியார் சட்டப் பிரிவுகள்.

அவற்றைக் கொண்டும் இரண்டு வழக்குகள் வென்றிருக்கின்றன. 2005-ல் லோசான் தொழில் நீதிமன்றம், தோலின் நிறம் காரணமாக ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி மறுக்கப்பட்ட கறுப்பினப் பெண்ணுக்கு 5,000 பிராங்க் இழப்பீடு தரச் சொன்னது. 2006-ல் சூரிச் தொழில் நீதிமன்றம், பால்கன் பகுதிக்காரர் என்பதால் துப்புரவு வேலை மறுக்கப்பட்ட பெண்ணுக்கு அதே தொகையை வழங்கியது. இரண்டிலும் முதலாளி தரப்பே காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வழக்கே இல்லை.

பெண்கள் நிலை ஓரளவு மேல். 1996 ஜூலை 1 முதல் உள்ள பாலின சமத்துவச் சட்டப்படி, வேலை மறுக்கப்பட்டவர் எழுத்தில் காரணம் கேட்கலாம். மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடும் கிடைக்கலாம். ஆனாலும், மற்ற விஷயங்களில் தரப்படும் நிரூபணச் சலுகை வேலைக்கு எடுக்கும் கட்டத்துக்குப் பொருந்தாது. வாசலுக்கு உள்ளே இருப்பவருக்குக் குடை உண்டு, வாசலில் நிற்பவர் நனைய வேண்டியதுதான்.

வாக்குரிமை எங்கே வருகிறது

பெண்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, பூர்வீகத்தால் ஒதுக்கப்படுபவர்களுக்கு ஏன் இல்லை? விடை தேட ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் போதும். சுவிஸ் பெண்கள் கூட்டாட்சி வாக்குரிமை பெற்றது 1971 பிப்ரவரி 7. (சென்னை மாகாணத்தில், சொத்துத் தகுதியோடுதான் என்றாலும், பெண்கள் 1921-லேயே வாக்குரிமை பெற்றார்கள். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவே இருந்தார்.) வாக்கு வந்து பத்தாண்டில், 1981 ஜூனில், சமத்துவம் அரசியல் சாசனத்தில் ஏறியது. இன்னும் பதினைந்து ஆண்டில் சட்டம் வந்தது. முதலில் வாக்கு, பிறகு சாசனம், பிறகு சட்டம். குடியேறியவர்கள் விஷயத்தில் சாசனத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதைச் சட்டமாக்கச் சொல்லி அழுத்தம் தர வேண்டியவர்களில் பலருக்கு வாக்கு இல்லை. மக்கள்தொகையில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர்.

சில கன்டோன்கள் விதிவிலக்கு. நொய்ஷாத்தெல் 1849-லேயே உள்ளூராட்சித் தேர்தலில் வெளிநாட்டவருக்கு வாக்குரிமை தந்தது. 1979-ல் உருவான ஜூரா தொடக்கம் முதலே தந்தது. 2003-ல் வோ, 2005-ல் ஜெனீவா உள்ளூராட்சி அளவில் தந்தன. ஆனால் ஜெனீவாவில் வாக்களிக்கலாம், வேட்பாளராக நிற்க முடியாது. அதை விரிவாக்கும் யோசனையை 2024 ஜூனில் ஜெனீவா வாக்காளர்கள் நிராகரித்தார்கள். தமிழர் பெருமளவு வாழும் சூரிச், பெர்ன் போன்ற ஜெர்மன் கன்டோன்களில் இந்த உரிமையே இல்லை.

மீதி வழி குடியுரிமை. 2000 மார்ச்சில் லூசர்ன் அருகே எம்மென் என்னும் ஊரில், 56 பேரின் குடியுரிமை விண்ணப்பங்கள் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. வென்றவர்கள் எட்டே பேர், எல்லாரும் இத்தாலியப் பின்புலத்தவர். இதுவும் ஒரு விண்ணப்பம்தான், இங்கும் பெயர்தான் தோற்றது. 2003 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் இப்படி வாக்குப் பெட்டியில் குடியுரிமை தீர்மானிப்பது சாசனத்துக்கு முரண் என்றது. காரணம் எளிமையானது: மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், வாக்குப் பெட்டி காரணம் சொல்லாது.

ஆக்கபூர்வமான உதாரணம் அடா மர்ரா. இத்தாலியத் தொழிலாளர்களின் மகளான இந்த வோ கன்டோன் உறுப்பினர், மூன்றாம் தலைமுறைக்குக் குடியுரிமையை எளிதாக்கக் கோரி 2008-ல் நாடாளுமன்றத்தில் முனைப்பைத் தொடங்கினார். குழுக்கள், திருத்தங்கள் என்று இழுபட்டு, 2017 பிப்ரவரி 12 அன்று 60.4 சதவீத மக்கள் அதை ஏற்றார்கள். ஒன்பது ஆண்டுகள். ஆனால் வந்தது.

மருத்துவமனை வாரியங்கள்

இனி மருத்துவத் துறை. சுகாதாரம் இங்கே பெரும்பாலும் கன்டோன்களின் பொறுப்பு. உதாரணமாக, சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையின் உயர் வாரியத்தைக் கன்டோன் அரசு நியமிக்க, கன்டோன் நாடாளுமன்றம் ஒப்புதல் தருகிறது. ஆகவே அந்த மேசையில் யார் உட்காருவது என்பது கடைசியில் வாக்குச் சீட்டு வரை போகிறது. சமையலறையிலும் வார்டிலும் உழைத்து, வாக்கில்லாமல் இருப்பவர் அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியையும் தொடுவதில்லை. நோயாளியின் மொழி தெரிந்தவர், இரவுப் பணியின் சிரமம் அறிந்தவர், உணவு ஏன் மீந்து திரும்புகிறது என்று தெரிந்தவர் அவர்தான்.

இங்கும் விண்ணப்பம் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ படித்த செவிலியர் தன் பட்டயத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் அனுப்பி அங்கீகாரம் பெற வேண்டும். மொழிச் சான்றும், தேவைப்பட்டால் கூடுதல் பயிற்சியோ தேர்வோ உண்டு. நோயாளியின் பாதுகாப்புக்காக இது நியாயமானதே. ஆனால் பணமும் நேரமும் இல்லாமல், அதே சங்கம் நடத்தும் 120 மணி நேரப் பராமரிப்பு உதவியாளர் வகுப்போடு நின்றுவிடும் பெண்கள் உண்டு. செவிலியராக வேண்டியவர் உதவியாளராக ஓய்வு பெறுகிறார்.

2021 நவம்பர் 28 அன்று செவிலியப் பணியை வலுப்படுத்தும் மக்கள் முனைப்பு 61 சதவீத ஆதரவோடு சாசனத்தில் ஏறியது. வார்டில் நிற்பவர்கள் சேர்ந்தால் நாட்டின் சாசனத்தையே மாற்றலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒரு முனைப்புக்குத் தேவையான ஒரு லட்சம் கையெழுத்துக்களைக் குடிமக்கள் மட்டுமே போட முடியும். அருகில் நின்று அதே வேலையைச் செய்த வெளிநாட்டுச் செவிலியர் போட முடியாது.

மாற்றத்தின் அடையாளங்களும் உண்டு. லத்தன் சுந்தரலிங்கம் லூசர்ன் கன்டோன் அவையில் சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினராக இருந்தார். இலங்கையில் பிறந்து சிறுமியாக இங்கே வந்த ஃபரா ரூமி, செவிலியராகப் பணியாற்றி, 2023-ல் சொலொத்தூர்ன் கன்டோனிலிருந்து தேசிய அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வார்டிலிருந்து அவைக்குப் போகும் பாதை இருக்கிறது, குறுகலாக.

எண்ணிப் பார்ப்பது

சென்னை மாகாணச் சட்டமன்ற வரலாற்றைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 1920-களில் அங்கே உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, 'இந்த அலுவலகத்தில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர்?' என்ற கேள்வியைத்தான். சலிப்பூட்டும் கேள்வி. ஆனால் 1921-ன் வகுப்புவாரி அரசாணைக்குப் பின்னால் அந்த எண்ணிக்கைதான் இருந்தது. எண்ணப்படாத ஒன்றைப் பற்றி எந்த அரசும் சட்டம் போடாது. சுவிஸ் கன்டோன் அவைகளிலும் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. நம் பகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி, பொது மருத்துவமனையின் மேலாண்மையிலும் வாரியத்திலும் குடியேற்றப் பின்புலத்தவர் எத்தனை பேர், பொதுத்துறை வேலைகளில் பெயரும் படமும் இல்லாத விண்ணப்பத்தைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்கச் சொல்லலாம். கடிதம் எழுத வாக்குரிமை தேவையில்லை.

தனிப்பட்ட அளவில் சில செய்திகள் பயன்படலாம். பணிச் சான்றிதழ் வாங்கியதும் அந்தச் சங்கேத மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். திருத்தம் கேட்க உரிமை உண்டு. மறுப்புக் கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள், வென்ற இரண்டு வழக்குகளிலும் சான்றாக நின்றவை முதலாளி தரப்பின் சொற்களே. 30,000 பிராங்குக்கு உட்பட்ட தொழில் வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. இனப் பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு ஆலோசனை தரும் மையங்களும் இருக்கின்றன. குடியுரிமைத் தகுதி வந்தும் 'எதற்கு வீண் செலவு' என்று தள்ளிப்போடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் தமக்காக இல்லாவிட்டாலும், பிள்ளைகளின் விண்ணப்பத்துக்காகவாவது அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். நேஃப் கேட்ட கேள்வியை இன்னொருவர் மறுபடி எழுப்பும் நாளில், வாக்குச் சீட்டோடு நிற்பவர்களின் எண்ணிக்கை 2016-ல் இருந்ததைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.